சீலநாயக்கன்பட்டி பக்கம் தண்ணி லாரி: ஐந்துக்கு மூன்றரை மார்க்

சேலத்தில் சீலநாயக்கன்பட்டி தாண்டி ஒரு புது லேஅவுட்டில் வீடு கட்டிக் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போர் 900 அடி, சித்திரை பிறந்தால் அதில் காற்றுதான் வரும். மேட்டூர் தண்ணிக் குழாய் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. அதனால் லாரிதான். பெயர் போடவில்லை, டிரைவர் நல்ல மனுஷன்.

போன் செய்தால் மூன்று மணி நேரத்தில் வந்துவிடுகிறார்கள், கோடையில் மறுநாள். லோடு 6,000 லிட்டர், 1,200 ரூபாய். ஓஸ் நீளமாக இருப்பதால் சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கும் எட்டும்.

ஆனால் அந்த 6,000 கொஞ்சம் இடித்தது. எங்கள் சம்ப் பத்துக்கு ஐந்தடி, ஒரு அடி ஏறினால் 1,415 லிட்டர், அப்படியென்றால் முழு லோடுக்கு நாலேகால் அடி ஏற வேண்டும். குச்சி விட்டுப் பார்த்தேன், மூணேமுக்கால்தான். கிட்டத்தட்ட 700 லிட்டர் எங்கே போச்சு? "ரோடு சரிவுங்ண்ணா, கடேசித் தண்ணி எறங்காதுங்க" என்றார். சரி, அடுத்த தடவை சமமான இடத்தில் நிறுத்தச் சொன்னேன், நாலடி வந்தது. நீங்களும் குச்சியோடு நில்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தண்ணி ஏதோ தோட்டத்துக் கிணற்றுத் தண்ணி, உப்பு. துவைக்க, குளிக்க மட்டும். குடிக்கத் தனியாகக் கேன் வாங்குகிறோம்.

லாரிக்காரரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? சேலம் மாநகராட்சியில் 2001-ல் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஜனம், 2011-ல் 8.29 லட்சம், 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளியே போனது. எங்களை மாதிரி ஓரத்தில் முளைத்த தெருக்கள் எந்தக் கணக்கில் இருக்கின்றனவோ. ஒரு காலத்தில் ஊருக்கே குடிதண்ணி கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரி இந்தப் பக்கம்தான், அதில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். இப்போது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மேட்டூரிலிருந்து வர வேண்டும். மனை விற்றவர் "காவேரி கனெக்ஷன் வந்துரும்" என்றார், எந்த வருஷம் என்று நானும் கேட்கவில்லை, என் தப்பு.

அப்புறம், முகூர்த்த நாளில் மட்டும் கூப்பிடாதீர்கள். மண்டபங்களுக்குப் போக மிச்சம்தான் நமக்கு.