பகுதி சபையா, ஆட்சேபணை மனுவா? சேலத்துக்காரர்களுக்கு எது பலன் தரும்?

நம் ஊர் எப்படி வளர வேண்டும் என்று சொல்ல, சேலம் மாநகராட்சியில் குடியிருப்பவர்களுக்குச் சட்டப்படி இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பகுதி சபை, அதாவது வார்டின் ஒரு பகுதியில் வசிப்பவர்கள் கவுன்சிலர் முன்னிலையில் கூடும் கூட்டம். மற்றொன்று, எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது எழுதிக் கொடுக்கும் ஆட்சேபணை.

தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் முதலில் கூடியது 2022 நவம்பர் 1 அன்று. சேலத்தின் 60 வார்டுகளிலும் கவுன்சிலர் முகத்துக்கு நேரே பேச இதுவே இடம். மனு எழுதத் தெரிய வேண்டியதில்லை. "மழை பெய்தால் சாக்கடை நிரம்பித் தறிக்குழிக்குள் தண்ணீர் இறங்குகிறது, பாவு நூல் நனைந்து வீணாகிறது" என்று அம்மாபேட்டை நெசவாளி ஒருவர் சொன்னால், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று அக்கம்பக்கத்தாரும் எழுந்துவிடுவார்கள். சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் விஷயங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சரி, அந்தத் தண்ணீர் தெருவுக்குள் ஏன் வந்தது? சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி, ஏரிகளை நிரப்பி, திருமணிமுத்தாற்றில் போய்ச் சேர வேண்டும். ஓடைக்கரை வீட்டுமனையாகிவிட்டால் வழி அடைபடும். எந்த சர்வே எண் விவசாயம், எது குடியிருப்பு, எது வணிகம் என்று தீர்மானிப்பது முழுமைத் திட்டம். அதன் எல்லை மாநகராட்சியைத் தாண்டியும் போகும். ஒரு வார்டின் பகுதி சபை அதைத் தொட முடியாது.

1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவை அறிவித்த பின் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும். ஆட்சேபித்தவர் நேரில் தன் தரப்பைச் சொல்லவும் வாய்ப்பு உண்டு. குறை என்னவென்றால், இந்த வாய்ப்பு பல வருடங்களுக்கு ஒருமுறைதான் வரும். அரசிதழிலும் நாளிதழிலும் வரும் அறிவிப்பை வேலைக்கு ஓடுகிற மக்கள் கவனிப்பதும் அபூர்வம்.

இருந்தாலும் நான் மனுவின் பக்கம்தான். விளக்குக் கம்பத்தை அடுத்த வருடம்கூடக் கேட்டு வாங்கலாம். மனையாகிவிட்ட ஓடையை மீட்பது பெரும்பாடு. ஏரியைக் காப்பாற்றுங்கள் என்று பொதுவாக எழுதினால் போதாது. சர்வே எண், ஓடை எங்கே வந்து எங்கே போகிறது, வரைபடத்தில் எதை எப்படி மாற்ற வேண்டும், இந்த மூன்றும் வேண்டும். அப்புறம், தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இதைத் தெருவோடு சேர்ந்து எழுத ஆள் திரட்ட, பகுதி சபையையே பயன்படுத்தலாம். வரைவு வரும் வரை காத்திராமல், அடுத்த சபையிலேயே உங்கள் பகுதி ஓடைகளின் சர்வே எண்களைக் கேட்டுக் குறித்து வையுங்கள்.