"முதல் பத்து ஆர்டருக்கு கேரண்டி"ன்னு வர்றவங்களுக்குப் பணம் கட்டாதீங்க: 18,000 போச்சு

கைவினைப் பொருள் விற்க ஆன்லைன்ல புதுசா கடை திறந்தவங்க இதை முழுசா படிச்சிடுங்க. "முப்பது நாளுக்குள்ள பத்து ஆர்டர், இல்லன்னா முழுப் பணமும் வாபஸ்"னு சொன்ன ஒரு ஏஜென்சிக்கு 18,000 கட்டியாச்சு. வந்த உண்மையான ஆர்டர் பூஜ்யம். வாபஸ் வந்த பணமும் பூஜ்யம். பேரைப் போடல. இந்த மாதிரி ஆளுங்க பேரை மாத்திக்கிட்டு மறுபடி வருவாங்க, அதனால முறையைத் தெரிஞ்சு வச்சுக்கிறதுதான் உபயோகம். கடைசில முதல் விற்பனைக்கு என்ன பண்ணலாம்னும் எழுதுறேன்.

ஆரம்பம் வாங்குறவங்க மாதிரியே இருக்கும். "இந்த குரோஷா முயல் வேற கலர்ல கிடைக்குமா?" (குரோஷான்னா கொக்கி ஊசியில நூலைப் பின்னிச் செய்யுறது.) புதுக் கடைக்கு வர்ற முதல் மெசேஜ், உடனே பதில் போடத்தான் தோணும். போட்டதும் அடுத்த வரி: "பொம்மை பிரமாதம். ஆனா உங்க கடை தேடல்ல வரவே இல்லையே, கவனிச்சீங்களா? இலவசமா ஒரு ஆய்வு பண்ணித் தர்றோம்."

அந்த இலவச ஆய்வுலதான் ஆள் விழுறது. ஏன்னா அதுல சொன்னது மூணுமே சரி. முதல் படம் மஞ்சள் பல்பு வெளிச்சத்துல எடுத்தது, சாம்பல் நூல் பழுப்பா தெரியுது. பொம்மை 18 செ.மீ.ங்கறது விவரத்துல மட்டும் இருக்கு, படத்துல அளவு தெரியல. அனுப்பும் செலவு கடைசிப் பக்கத்துலதான் வருது, அங்கதான் வாங்குறவங்க ஓடிடுறாங்க. எல்லாமே நியாயமான பேச்சு. ஆனா எந்தப் புதுக் கடையை எடுத்தாலும் இந்த மூணுல ரெண்டு குறையாச்சும் இருக்கும். கைரேகை பாக்குறவர் "வெளிய சொல்லாத ஒரு கவலை உங்களுக்கு இருக்கு"ன்னு சொல்ற மாதிரி, யாருக்குச் சொன்னாலும் பலிக்கும்.

அடுத்து ஆதாரம்னு ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். "இதுவும் புதுக் கடைதான், ஒரு வாரத்துல 247 ஆர்டர்." அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. ஏழு நாளுக்கு ஏழு பட்டை, ஒவ்வொண்ணு மேலயும் எண்: 6, 9, 4, 11, 8, 13, 10. கூட்டினா 61. மேல கொட்டை எழுத்துல 247! பிரவுசர்ல பக்கத்தோட கோடிங்கைத் திறந்து எந்த எண்ணையும் மாத்திப் படம் எடுக்க ஒரு நிமிஷம் போதும். பெரிய எண்ணை மாத்தினவங்க சின்ன எண்களை மாத்த சோம்பல்பட்டுட்டாங்க. ஸ்கிரீன்ஷாட் ஆதாரமே கிடையாது. வீடியோ கால்ல பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, அப்பவே பாதிப் பேர் காணாமப் போயிடுவாங்க.

பணம் வாங்குற விதமும் ஒரு கலைதான். முதல் 6,000 கார்டு மூலம், நம்பிக்கைக்காக. மீதி 12,000 "கமிஷன் மிச்சமாகும்"னு சொல்லி ஒரு தனிநபர் கணக்குக்கு நேரடியா. கார்டுல கட்டினா சேவை கிடைக்கலன்னு வங்கியில முறையிட ஒரு வழி இருக்கு. நேரடியா அனுப்பினா அந்த வழியில போக முடியாது. எந்தப் பாகத்தை எங்க வாங்கணும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். மொத்தம் 18,000 கைக்குப் போனதுக்கு அப்புறம்தான் ஒப்பந்த பிடிஎஃப் வரும். அதுல ஆறாவது பக்கத்துல, பணம் கட்டின 7 நாளுக்குள்ள கேட்டாதான் வாபஸ். ரெண்டாவது பக்கத்துல, கடையை ஆய்வு பண்ணி வேலை தொடங்க 10 நாள். அதாவது வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வாபஸ் காலம் முடிஞ்சிடும். இந்த ரெண்டு வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சாதான் புரியும், அதனாலதான் நாலு பக்கம் தள்ளி வச்சிருக்காங்க.

அப்புறம் "வேலை". ஒரே வாரத்துல கடைக்கு 3,100 பார்வை. அதுக்கு முன்னாடி ஒரு நாளைக்குப் பத்து வந்தாலே பெருசு. "பாத்தீங்களா வளர்ச்சி"ன்னு ஒரு கைதட்டல் படம் அனுப்பினாங்க. புள்ளிவிவரப் பக்கத்துல மணிவாரியா பிரிச்சுப் பாத்தா, மணிக்கு 18, 19, 18, 19. நடு ராத்திரியும் அதே, மத்தியானமும் அதே. மனுஷங்க இப்படி வரிசை கட்டி வரமாட்டாங்க. வந்ததுல கிட்டத்தட்ட எல்லாமே முகப்புப் பக்கத்துல இறங்கி ரெண்டு வினாடியில வெளிய போயிருக்கு. பொம்மைப் பக்கத்தைத் திறந்தது நாற்பது கூட இல்ல. வாங்குறதுக்காகக் கூடையில போட்டது ஒண்ணும் இல்ல. இது பாட் டிராஃபிக், அதாவது ஆள் இல்லாம புரோகிராம் வச்சு அனுப்புற போலிப் பார்வை. ஆயிரக்கணக்குல, சல்லிசா விக்கிற சரக்கு.

இதனால நஷ்டம் இல்லையேன்னு நினைக்காதீங்க. பாத்தவங்கள்ல எத்தனை பேர் வாங்கினாங்கன்னு பாத்து வரிசைப்படுத்துற சந்தைத் தளங்கள் இருக்கு. நூறு பேர் பாத்து ஒருத்தரோ ரெண்டு பேரோ வாங்கினா அது ஆன்லைன் கடைக்கு சாதாரண அளவு. 3,100 பேர் பாத்து யாருமே வாங்கலன்னா, இந்தப் பொருள் யாருக்கும் வேண்டாம்னு கணக்காகும். லிஸ்டிங் (பொருளோட விற்பனைப் பக்கம்) தேடல்ல இன்னும் கீழ போகும். பின்னாடி "கடைக்கு வந்தவங்களுக்கு மட்டும் காட்டு"ன்னு விளம்பரம் போட்டா, அந்தப் பட்டியல் முழுக்க இந்தக் குப்பைதான்.

லிஸ்டிங்கை வேற திருத்திக் குடுத்தாங்க. தலைப்பு இப்போ: "கைவினை பொம்மை அழகான பொம்மை சிறந்த பரிசு பிறந்தநாள் பரிசு முயல் பொம்மை பரிசு." டேக்ல (தேடலுக்காகப் போடுற வார்த்தைகள்) "பரிசு", "அழகு", "கைவினை". ரிவியூ ஒண்ணு கூட இல்லாத கடை "பரிசு"ங்கற ஒத்தை வார்த்தையில லட்சக்கணக்கான பொருளோட போட்டி போட்டு எந்தக் காலத்துல முதல் பக்கத்துக்கு வரும்? "சாம்பல் குரோஷா முயல்"னு தேடுறவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா அவங்க என்ன வேணும்னு முடிவு பண்ணிட்டு வர்றவங்க.

விவரப் பகுதி அதைவிட மோசம். ஏதோ ஏஐ-கிட்ட எழுதி வாங்கி அப்படியே ஒட்டியிருக்காங்க: "மெஷினில் துவைக்கலாம். பிறந்த குழந்தைக்கும் பாதுகாப்பானது." காது நிக்கிறதுக்காக உள்ள கம்பி வச்ச பொம்மை அது! மெஷின்ல போட்டுச் சுத்தினா கம்பி வளைஞ்சு நூலைக் குத்திக்கிட்டு வெளிய வரும். கண்ணு 8 மி.மீ. பிளாஸ்டிக், பின்னாடி வாஷர் போட்டது. வாஷர் விட்டா கழண்டு குழந்தை வாய்க்குள்ள போகும். கழண்டு விழக்கூடிய சின்னப் பாகம் உள்ள பொம்மையை மூணு வயசுக்குக் குறைஞ்ச குழந்தைக்குன்னு விக்கிறது பல நாடுகள்ல சட்டப்படி தப்பு. அந்த வரியை நம்பி ஒருத்தர் வாங்கியிருந்தா பழி கடைக்காரர் தலையில. இதுக்கும் சேத்துதான் 18,000.

கேரண்டி நாள் நெருங்கினப்போ ராத்திரி ஒரு மெசேஜ்: "எங்க அக்கவுண்ட்ல இருந்து பத்து ஆர்டர் போடுறோம். பொருள் அனுப்ப வேணாம், அனுப்பியாச்சுன்னு மட்டும் போடுங்க. அஞ்சு ஸ்டார் நாங்க பாத்துக்குறோம். விலையை மட்டும் எங்களுக்குத் திருப்பி அனுப்பிடுங்க." இதுதான் அந்தப் பத்து ஆர்டர் கேரண்டி. தளத்துக்குக் கமிஷன் நம்ம கையில இருந்து போகும், டிராக்கிங் எண் இருக்காது, பத்து அக்கவுண்ட்டும் ஒரே இடத்துல இருந்து வரும். தளம் கண்டுபிடிச்சா கடையை மூடி, உள்ள இருக்கிற பணத்தையும் நிறுத்தி வைக்கும். முடியாதுன்னு சொன்னதும் பதில் என்ன தெரியுமா? "நீங்க ஒத்துழைக்கல, அதனால கேரண்டி செல்லாது." அதுக்கும் பிடிஎஃப்ல ஒரு வரி வச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் எல்லாம் தட்டிக்கழிப்புதான். முதல்ல "அல்காரிதம் அப்டேட் ஆகியிருக்கு". அடுத்து "இது சீசன் இல்ல". அடுத்து "டீம் பாத்துக்கிட்டு இருக்காங்க". அடுத்து "உங்க போட்டோ சரியில்ல", அவங்களே ஓகே சொன்ன போட்டோ. அடுத்து "இன்னும் 9,000 கட்டினா கோல்டு பேக்கேஜ், அதுல நிச்சயம் வரும்". 18,000 எங்கன்னு கேட்டா, பேசின ஆள் வேலையை விட்டுட்டாராம், புது மேனேஜர் கூப்பிடுவாராம். இப்போ மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுது.

இன்னொரு கணக்கும் பாருங்க. நூல், பஞ்சு, பேக்கிங், தளக் கமிஷன் கழிச்சு ஒரு பொம்மைக்கு 300 நிக்குதுன்னு வச்சுக்குங்க. 18,000-ங்கறது அறுபது பொம்மை. ஒரு பொம்மைக்கு ஆறு மணி நேரம்னா 360 மணி நேரக் கை உழைப்பு. சொன்னபடி பத்து ஆர்டரும் நேர்மையா வந்திருந்தாக் கூட 3,000 தான் கைக்கு. மீதி 15,000 நஷ்டம்தான். "ரிவியூ வந்தா அப்புறம் தானா ஓடும்"ங்கற ஒரு வாக்கியத்தை வச்சுத்தான் இந்த ஓட்டையை மூடுறாங்க.

முதல் விற்பனைக்கு யோசனை எழுதுறேன்னு சொன்னேன். இப்போ இருக்கிற எரிச்சல்ல விரிவா வராது. ஜன்னல் வெளிச்சத்துல படம் எடுங்க, ஒரு படத்துல பொம்மையைக் கையில பிடிச்சு அளவைக் காட்டுங்க. அனுப்பும் செலவை விலைக்குள்ளயே சேத்துடுங்க. தலைப்புல நிறம், பொருள், அளவு. இது போதும், இதுக்கு யாருக்கும் காசு குடுக்க வேணாம்.

ஏற்கெனவே இவங்ககிட்ட மாட்டினவங்க இன்னைக்கே பாஸ்வேர்டை மாத்துங்க. மாத்தினா மட்டும் போதாது, கடை செட்டிங்ல கூடுதல் நிர்வாகியா அவங்க மெயில் இன்னும் இருக்கும், அதைத் தூக்குங்க. கூப்பன் பக்கத்தைப் பாருங்க, 60 சதவீதத் தள்ளுபடி ஒண்ணு அவங்க போட்டது முடிவு தேதி இல்லாம ஓடிக்கிட்டு இருந்துச்சு. விளம்பரக் கணக்குல கார்டு சேத்திருந்தா எடுத்துடுங்க. கார்டுல போன பாகத்துக்கு வங்கியில உடனே புகார் குடுங்க, அதுக்குக் காலக்கெடு உண்டு. எல்லாத்துக்கும் முன்னாடி அவங்களோட பேசின மெசேஜ் எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. தானா அழியுற மெசேஜ் செட்டிங்கை அவங்க பக்கத்துல இருந்து ஆன் பண்ணி வச்சிருக்காங்க.