ஃபீல்டு ஸ்க்ரீனிங்குக்கு ஓடிகேவா, கோபோவா, ரெட்கேப்பா? நாங்க ஓடிகே எடுத்த காரணம்

சர்க்கரை நோய் வராம தடுக்கற ஸ்டடி ஒண்ணுக்கு வீடு வீடா போய் ஆள் தேர்ந்தெடுக்கற வேலை எங்களோடது, டேப்லெட்ல எந்த சாஃப்ட்வேர் போடறதுன்னு முடிவு பண்ற பொறுப்பு எனக்கு வந்துச்சு. ஓடிகே (ODK), கோபோ (KoboToolbox), ரெட்கேப் (REDCap) மூணுமே கேள்விகளை டேப்லெட்ல நிரப்பி சர்வருக்கு அனுப்பற சாஃப்ட்வேர். நாங்க ஓடிகே எடுத்தோம், இன்னிக்கும் அதுலதான் ஓடுது. பேப்பரா டேப்லெட்டாங்கற பேச்சுக்கே நான் போகல, ஸ்கோர் கூட்டி எடுக்கலாமா வேண்டாமான்னு வாசல்லயே சொல்லணும்னா பேப்பர் சரிப்பட்டு வராது.

முதல்ல எங்க ஸ்க்ரீனிங் எப்படின்னு சொல்லிடறேன், இல்லேன்னா மத்தது புரியாது. இந்தியன் டயாபெட்டிஸ் ரிஸ்க் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, 2005-ல சென்னையில டாக்டர் மோகன் டீம் வெளியிட்டது. நாலே விஷயம்தான்: வயசு, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, அப்பா அம்மாவுக்கு சர்க்கரை இருக்கா. வயசு 35க்குக் கீழன்னா 0, 35லேர்ந்து 49 வரைக்கும் 20, 50ம் அதுக்கு மேலயும் 30. எக்சர்சைஸும் இல்ல உக்காந்த வேலைன்னா 30. எல்லாம் சேர்ந்து 100, அதுல 60 தொட்டா ஹை ரிஸ்க். அப்படி வந்தவங்களுக்குத்தான் விரல்ல குத்தி ரத்தம் பார்க்கறது. ஏற்கனவே சர்க்கரை இருக்கறவங்க, கர்ப்பிணிங்க, வயசு வரம்புக்கு மேல போனவங்க கிடையாது.

எல்லா மார்க்கும் பத்தோட மடங்குலதான் ஏறும்கறதால 50-லேர்ந்து 60-க்கு ஒரு பதில் மாறினா போதும். "வயசு என்னம்மா?"ன்னு கேட்டா "அம்பது இருக்கும்மா"ன்னு ஒரு பதில் வரும், ஆதார் வாங்கிப் பார்த்தா வருஷம் மட்டும்தான் போட்டிருக்கும், 49-ஆ 50-ஆங்கறதுல பத்து மார்க் நிக்குது. அதே மாதிரி 50 வயசு தாண்டின ஒருத்தர் எக்சர்சைஸும் இல்ல, உக்காந்த வேலைன்னு சொன்ன உடனே 30ம் 30ம் 60 ஆயிடுது, அப்புறம் எதுக்கு இஞ்ச் டேப்னு ஃபீல்டுல இருக்கற பொண்ணுங்களுக்குத் தோணத்தான் செய்யும், வெயில்ல நிக்கறவங்களைக் குறை சொல்ல முடியாது. அதனால ஸ்கோர் ஓடறது திரையில தெரியக் கூடாது, கடைசியில முடிவு மட்டும் வரணும், பின்னாடி போய் பதிலை மாத்தினா பழைய பதிலும் பதிவாகணும். ஓடிகேலயும் கோபோலயும் ஃபார்ம்ல ஆடிட்னு ஒரு வரி சேர்த்து மாற்றங்களைப் பதிவு பண்ணச் சொன்னா இது வந்துடும்.

ஆஃப்லைன், தமிழ் கேள்வி, ஸ்கிப், ஜிபிஎஸ் இதுல எல்லாம் பெரிய வித்தியாசம் இல்ல. கோபோவும், சர்வேசிடிஓங்கற (SurveyCTO) இன்னொரு சாஃப்ட்வேரும் ஓடிகே குடும்பம்தான், எக்செல்ல எழுதற எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் கொஞ்சம் தட்டினா மூணுலயும் ஓடும். ஓடிகே 2008-ல வாஷிங்டன் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, கோபோ ஹார்வர்டு ஹ்யூமனிடேரியன் இனிஷியேட்டிவ்லேர்ந்து வந்தது. ரெட்கேப் வேற வம்சம், 2004-ல வாண்டர்பில்ட்ல ஆரம்பிச்சது.

எங்களுக்கு முடிவைத் தீர்மானிச்சது வேற விஷயம். ஸ்டடி பாதியில ஓடிக்கிட்டு இருக்கும்போது எலிஜிபிலிட்டி ரூல், அதாவது யாரைச் சேர்க்கலாங்கற விதி, மாறும். ஆள் கிடைக்கலன்னு மேல் வயசை 60-லேர்ந்து 65 ஆக்குவாங்க, எத்திக்ஸ் கமிட்டிக்கு அமெண்ட்மெண்ட் (விதியை மாத்தற விண்ணப்பம்) போகும், அப்ரூவல் வரும். வந்த அன்னிக்கு எல்லா டேப்லெட்டும் புது ரூலுக்கு மாறணும், முன்னாடி மாறக் கூடாது, ரொம்ப லேட்டாவும் மாறக் கூடாது. அதுக்கு மேல, வந்து விழுற ஒவ்வொரு ஸ்க்ரீனிங்கும் எந்த ரூல்ல நடந்ததுன்னு கேட்டா பதில் சொல்லணும், ஏன்னா ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும்போது கன்சார்ட் ஃப்ளோ டயக்ராம்னு போடற படத்துல எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேரை எந்தக் காரணத்துக்காக விட்டோம்னு போட்டாகணும்.

ஓடிகேல இதுக்கு வழி சுத்தமா இருக்கு. வெர்ஷன் நம்பரை எக்செல்லோட செட்டிங்ஸ் ஷீட்ல நாமளே எழுதறோம், நாங்க தேதியையே நம்பராப் போடறோம், சென்ட்ரல்ங்கற ஓடிகே சர்வர்ல டிராஃப்டா ஏத்தி டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் பப்ளிஷ் பண்றோம். டேப்லெட்ல கலெக்ட்ங்கற ஓடிகே ஆப்ல ஃபார்ம் மேனேஜ்மெண்ட்ல போய் சர்வர்ல இருக்கறபடியே வெச்சுக்கோன்னு ஒரு தடவை செட் பண்ணிட்டா நெட் கிடைக்கும்போது புது ஃபார்ம் தானா இறங்கிடும், பழசு லிஸ்ட்லேர்ந்து போயிடும். சிக்னல் இல்லாத ஊர்ல மாட்டின டேப் ரெண்டு நாள் கழிச்சு பழைய வெர்ஷன்ல போட்டதை அனுப்பினாலும் சென்ட்ரல் வாங்கிக்கும், எந்த வெர்ஷன்னு பக்கத்துலயே காட்டும். ஒண்ணு மட்டும் பாருங்க, பாதி நிரப்பி சேவ் பண்ணி வெச்ச டிராஃப்ட் பழைய வெர்ஷன்லயேதான் நிக்கும், அதனால மாத்தறதுக்கு முந்தின சாயங்காலம் டிராஃப்ட் எல்லாம் முடிச்சு அனுப்பச் சொல்லிடணும். ஃபார்ம் திறந்ததும் முதல் பக்கத்துல வெர்ஷனைக் காட்டற ஒரு நோட்டும் வைங்க, சூப்பர்வைசர் போன்லயே "மேல என்ன நம்பர்மா தெரியுது?"ன்னு கேட்டுக்கலாம்.

இதோட சேர்ந்த இன்னொண்ணு, முதல் காரணத்துலயே ஃபார்ம் நிக்கற மாதிரி எழுதாதீங்க. 62 வயசு, வயசு அதிகம், முடிஞ்சதுன்னு மூடிட்டா, பின்னாடி வரம்பு 65 ஆகும்போது அந்த ஆளுக்கு ஸ்கோர் என்ன, சர்க்கரை ஏற்கனவே இருக்கான்னு ஒண்ணுமே தெரியாது. எல்லா கேள்வியும் கேட்டு, காரணங்களைத் தனித்தனி கால்குலேட்டா (ஃபார்மே தானா கணக்கு போடற வரியா) வெச்சா, பழைய வெர்ஷன்ல வயசுக்காக மட்டும் விட்டவங்க யார் யார்னு ஒரே ஃபில்டர்ல எடுத்து, திரும்பப் பார்க்கலாம்னு சம்மதம் சொன்னவங்க வீட்டுக்கு மட்டும் போகலாம். ஸ்க்ரீனிங்குக்கே தனியா சம்மதம் வாங்கும்போது அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துடணும்.

சென்ட்ரல்ல ஒரு கெடுபிடி உண்டு, ஃபார்ம்ல ஏற்கனவே இருக்கற கேள்வியோட டைப்பை மாத்தினா பொதுவா ஏத்துக்காது. இடுப்பளவை முழு எண்ணா வெச்சுட்டு நடுவுல டெசிமல் ஆக்க முடியாது. முதல்லயே டெசிமலா வைங்க. ஸ்கோர் டேபிள்ல பெண்களுக்கு 80-89, 90க்கு மேலன்னு இருக்கும், இஞ்ச் டேப்ல 89.5 வந்தா எந்தப் பக்கம்னு அது சொல்லாது, 90க்குக் கீழன்னு ஃபார்முலா எழுதிட்டா குழப்பம் இல்ல.

கோபோ பத்தி. எக்செல் தெரியாதவங்க பிரவுசர்லயே இழுத்துப் போட்டு ஃபார்ம் பண்ணலாம், நெட்ல அக்கவுண்ட் போட்டா அன்னிக்கே வேலை ஆரம்பிக்கலாம், சின்ன ஸ்டடிக்கு நான் தாராளமா சொல்லுவேன். ஆனா இலவச ப்ளான்ல மாசத்துக்கு இவ்ளோ சப்மிஷன்தான்னு வரம்பு இருக்கு, ஸ்க்ரீனிங்ல விட்ட ஆளும் ஒரு சப்மிஷன்தானே, ஸ்டடில சேர்றவங்களை விடப் பல மடங்கு பேரைப் பார்க்கணும், அதை வெச்சுக் கணக்கு போடுங்க. வெர்ஷனும் டேட்டாவோட வருது, ஆனா அது கோபோவே போடற எழுத்தும் எண்ணுமான ஒரு சரம், எது எந்தத் தேதின்னு ஒவ்வொரு தடவையும் பொருத்திப் பார்க்கணும்.

ரெட்கேப் ஆஸ்பத்திரிக்குள்ள ராஜா. உங்க இன்ஸ்டிட்யூட் ரெட்கேப் கன்சார்ஷியத்துல (அதைப் பயன்படுத்தற நிறுவனங்களோட கூட்டமைப்புல) இருந்தா காசு இல்ல, ரேண்டமைசேஷன் (குலுக்கல் மாதிரி ஆளைப் பிரிக்கறது), ஃபாலோ அப், லேப் ரிசல்ட் எல்லாம் ஒரே இடத்துல நடக்கும், ஓபி-ல வைஃபையோட உக்காந்து ஸ்க்ரீன் பண்றவங்க வேற எதுவும் தேட வேண்டாம். வீடு வீடா போறதுக்குத்தான் கஷ்டம். மொபைல் ஆப்புக்கு ஆளாளுக்கு டோக்கன் (உள்ள போறதுக்கான சாவி மாதிரி) வாங்கணும், நிஜமா டேட்டா எடுக்க ஆரம்பிச்ச, அதாவது ப்ரொடக்‌ஷன்ல போன ப்ராஜெக்ட்ல மாத்தினா பெரும்பாலும் அட்மின் பார்த்து ஓகே பண்ணணும், அப்புறம் டேப்ல இருக்கற டேட்டாவை அனுப்பிட்டு செட்டப்பை ரெஃப்ரெஷ் பண்ணணும். இத்தனையையும் ஃபீல்டுல ஒவ்வொருத்தரும் ஒரே நாள்ல சரியா பண்ணுவாங்கன்னு நம்பி நான் அமெண்ட்மெண்ட் போட மாட்டேன். எந்த ரூல்ல ஸ்க்ரீன் ஆச்சுங்கறதும் ரெக்கார்டோட தானா ஒட்டிக்கிட்டு வராது, நாமளே ஃபார்ம்ல மறைவா ஒரு கட்டம் வெச்சுக்கணும்.

சர்வேசிடிஓ நான் ட்ரெயினிங்ல தொட்டதோட சரி, ஃபீல்டுல ஓட்டினதில்ல. கேஸ் மேனேஜ்மெண்ட் (ஒரே ஆளைத் தொடர்ந்து பின்தொடர்ற வசதி), தரம் பார்க்கற வசதிகள், சப்போர்ட் எல்லாம் நல்லா இருக்குன்னு பொருளாதார ஆராய்ச்சி பண்ற நண்பர்கள் சொல்றாங்க. சந்தா கட்ட கிராண்ட்ல இடம் இருந்தா ட்ரயல் போட்டுப் பாருங்க.

ஸ்க்ரீனிங்லேர்ந்து என்ரோல்மெண்ட்டுக்கு ஆளைக் கடத்தறது ஓடிகேல இப்போ என்டிட்டீஸ்ங்கற வசதியில நடக்குது. எலிஜிபிள் ஆனவங்க பேர் அடுத்த ஃபார்ம்ல லிஸ்ட்டா வந்துடும், 2024-லேர்ந்து அதே டேப்ல நெட் இல்லாமயே வருது. ரெண்டு டேப் ஆஃப்லைன்ல இருக்கும்போது ஒரே ஆளை ரெண்டு பேர் ஸ்க்ரீன் பண்ணாம இருக்க தெருவைப் பிரிச்சுக் கொடுக்கறதுதான் வழி, அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் உதவாது.

ஓடிகேக்கு சர்வர் நாமளே நடத்தினா டாக்கர் (சர்வர்ல சாஃப்ட்வேரைப் போட்டு ஓட்டற கருவி) தெரிஞ்ச ஒரு ஆள் வேணும், அப்டேட், பேக்கப் எல்லாம் அவர் தலையிலதான். டேட்டா எங்க உக்காந்திருக்குன்னு எங்க எத்திக்ஸ் கமிட்டி முதல் கேள்வியாவே கேட்டாங்க, இன்ஸ்டிட்யூட் சர்வர்லன்னு சொல்ல முடிஞ்சது எங்களுக்கு வசதியா இருந்துச்சு. அப்படி ஆள் இல்லாத டீம் ஓடிகே கிளவுடுக்குக் காசு கட்டலாம், அதுவும் முடியலன்னா கோபோ போயிடுங்க, எக்செல் ஃபார்ம் அப்படியே கையில இருக்கும், பின்னாடி மாறறதும் கஷ்டம் இல்ல.