பழைய போனில் லினியேஜ் ஓஎஸ்: மூன்று ஆண்டு அனுபவம்

2019-இல் வாங்கிய என் போனுக்கு ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு எதுவும் தர முடியாது என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. திரையில் கீறல்கூட விழாத கருவியைத் தூக்கிப்போட மனம் வராமல், 2022 ஆகஸ்டில் அதில் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இலவச மாற்று இயங்குதளமான லினியேஜ் ஓஎஸ்ஸின் 19.1 பதிப்பை, அதாவது ஆண்ட்ராய்டு 12-ஐ நிறுவினேன். 2016 இறுதியில் இதேபோன்ற மாற்று இயங்குதளமான சயனோஜென்மாட் மூடப்பட்டபோது அதன் மூலநிரலைக் கொண்டு தன்னார்வலர்கள் தொடங்கிய திட்டம் இது.

வேறு இயங்குதளத்தை நிறுவ, போனை இயக்கியதும் இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். அதைத் திறந்தால் போனிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பது தெரிந்தும், படங்களை மட்டும் கணினிக்கு மாற்றிவிட்டு வாட்ஸ்அப் உரையாடல்களைக் கோட்டை விட்டேன். அடுத்த பதற்றம் லினியேஜ் கோப்பைக் கணினியிலிருந்து போனில் ஏற்றும்போது வந்தது. கணினித் திரையில் 47 சதவீதத்தில் நின்ற எண் அதற்குமேல் நகரவே இல்லை. கேபிளைப் பிடுங்கக் கை போய்விட்டது. நல்லவேளையாக, சில போன்களில் 47-இல் நின்றாலும் வேலை முடிந்திருக்கும் என்று நிறுவல் வழிகாட்டியிலேயே எழுதியிருந்ததைப் பார்த்தேன். கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் முதன்முறை போனை இயக்குவதற்கு முன்பே அவற்றையும் ஏற்றிவிட வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில் பெரிய குறையில்லை. தேவையற்ற செயலிகளும் விளம்பரங்களும் ஒழிந்ததால் போன் வேகமாக இயங்குகிறது. சிறு புதுப்பிப்புகள் தாமாக வந்து சேர்கின்றன. பதிப்பு மாறும்போது மட்டும் கணினியுடன் இணைத்து ஏற்ற வேண்டும். இப்படி இருமுறை ஏற்றி, இப்போது 21-ஆம் பதிப்பில், அதாவது ஆண்ட்ராய்டு 14-இல் இருக்கிறேன். இரண்டு முறையும் தரவு எதுவும் அழியவில்லை. பழைய கேமரா செயலி போனதால் இரவுப் படங்கள் சற்று மங்கின. படங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் பாதுகாப்பின் சான்று உயர்நிலையான எல்1-இலிருந்து கீழ்நிலையான எல்3-க்கு இறங்கியதால் கட்டணத் திரைப்படச் செயலிகள் எச்டி தரத்தில் ஓடுவதில்லை. கைக்குள் அடங்கும் திரையில் இது எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

அமைப்புகளில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் பாதுகாப்புத் திருத்தத்துக்கு இரண்டு தேதிகள் தெரியும். ஆண்ட்ராய்டுக்குரியது அண்மைத் தேதி. சிப், மோடம் போன்றவற்றுக்கான தயாரிப்பாளர் மென்பொருளின் தேதியோ 2021-லேயே உறைந்து நிற்கிறது. லினியேஜ் போட்டதும் போன் முழுப் பாதுகாப்பு பெற்றுவிட்டது என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது வரியைப் படிப்பதில்லை.

இதையெல்லாம்விட என்னைச் சிரமப்படுத்தியது வங்கிச் செயலி. ஓராண்டு ஒழுங்காக இயங்கிய அது, ஒரு புதுப்பிப்புக்குப் பின், இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல என்று சொல்லித் தானே மூடிக்கொண்டது. நான் ரூட் செய்யவில்லை, அதாவது இயங்குதளத்தின் முழு அதிகாரத்தையும் திறந்து எடுத்துக்கொள்ளவில்லை. பூட்லோடர் திறந்திருப்பதே அதற்குப் போதுமான காரணமாகிவிட்டது. ரூட் செய்து, பூட்லோடர் திறந்திருப்பதை மறைக்கும் வழிகள் உண்டு என்றாலும், பணம் புழங்கும் போனில் அந்தக் கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு நான் தயாரில்லை. யுபிஐ பதிவுக்கு வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் அதே போனில் இருந்தாக வேண்டும் என்பதால், அந்தச் சிம்மைக் கழற்றி மலிவான இன்னொரு போனில் போட்டிருக்கிறேன். செலவை மிச்சப்படுத்தப் பழைய போனைக் காப்பாற்றிய நான், இப்போது காய்கறிக் கடையில் பணம் கொடுக்கச் சட்டைப்பையிலிருந்து இரண்டாவது போனை எடுக்கிறேன்.