போர் முடிந்த நாடுகளில் கொங்குத் தொழிலுக்கு வேலை: எந்த வாசல் யாருக்கு?

சிரியாவை மீண்டும் கட்டியெழுப்ப ஏறத்தாழ 216 பில்லியன் டாலர் வேண்டும் என்று 2025 அக்டோபரில் உலக வங்கி மதிப்பிட்டது. உக்ரைனுக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் வெளியான கணக்கு, பத்தாண்டுகளுக்கு 524 பில்லியன் டாலர். இதைச் செய்தித்தாளில் படிக்கும் கோவை பம்பு தயாரிப்பாளருக்கும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் உரிமையாளருக்கும், கரூரில் கொசுவலை நெய்பவருக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது. அங்கே நாம் வெளிநாட்டு நிறுவனம். எந்த வாசல் வழியாக உள்ளே போவது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன தொகைகள் தேவையின் அளவைச் சொல்கின்றன. அவ்வளவு பணமும் யார் கையிலும் தயாராக இல்லை. பணம் தருபவர் யாரோ அவரே விதியையும் எழுதுகிறார். 2003 டிசம்பரில் ஈராக் மறுகட்டுமானத்துக்கான சுமார் 18.6 பில்லியன் டாலர் நேரடி ஒப்பந்தங்களுக்கு, தன் கூட்டணி நாடுகளின் நிறுவனங்கள் மட்டுமே போட்டியிடலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, கனடா எல்லாம் வெளியே நின்றன. துணை ஒப்பந்தங்களுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. ஆகவே இடிந்த நாட்டின் வரைபடத்தைப் பார்க்கும் முன், பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

பலரும் முதலில் ஆசைப்படுவது உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி நிதியில் வரும் சர்வதேச டெண்டர். உலக வங்கி டெண்டர்களில் பொதுவாக எந்த நாட்டு நிறுவனமும் பங்கேற்கலாம். அறிவிப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்கல் பணச்சுழற்சியில் இருக்கிறது. ஐந்து கோடி ரூபாய்க்கு நீர்மூழ்கிப் பம்புகள் அனுப்பும் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான நிபந்தனைப்படி 10 விழுக்காடு முன்பணம், 80 விழுக்காடு சரக்கு ஏற்றியதும், மீதி 10 விழுக்காடு அங்கே சரக்கை ஏற்றுக்கொண்ட சான்றிதழ் கிடைத்த பிறகு. முன்பணமாக வரும் 50 லட்சத்துக்கு அதே அளவு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்றுவதற்கான உத்தரவாதம் 10 விழுக்காடு வரை போகும். அது இன்னொரு 50 லட்சம். இந்த ஒரு கோடிக்கு நம் வங்கி மார்ஜினும் (ஒரு பங்கை ரொக்க வைப்பாக) சொத்து அடமானமும் கேட்கும். கடைசி 50 லட்சமோ, பாதி ஊர் காலியான ஒரு நகராட்சியில் கிடங்கைத் திறந்து பம்பை எண்ணிக் கையெழுத்திடும் அதிகாரியை நம்பி நிற்கும். பல கோடி மூலதனத்தைப் பல மாதம் முடக்கத் தெம்புள்ளவர்களுக்கே இந்த வாசல் ஏற்றது. கோவை கணபதியில் ஜாப் ஆர்டர் எடுத்து லேத் ஓட்டுபவர் இதில் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது வாசல் இந்திய அரசின் கடன் உதவி. எக்ஸிம் வங்கி எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி வழியாக நம் அரசு வேறொரு நாட்டுக்குக் கடன் தருகிறது. ஒப்பந்தம் இந்திய நிறுவனத்துக்கே போகும், சரக்கிலும் சேவையிலும் பொதுவாக 75 விழுக்காடாவது இந்தியாவிலிருந்து போக வேண்டும். ஏற்றுமதியாளருக்குப் பணத்தை எக்ஸிம் வங்கியே தந்துவிடுவதால், அந்த நாட்டுக் கருவூலம் காலியாக இருந்தாலும் நம் பில் நிற்காது. இலங்கையின் வடக்கு ரயில் பாதையை இந்திய அரசின் இர்கான் நிறுவனம் இப்படித்தான் மீண்டும் போட்டது. 2014 அக்டோபரில் ரயில் யாழ்ப்பாணத்தை அடைந்தது. உள்நாட்டுப் போரில் சிதைந்த காங்கோ ஜனநாயகக் குடியரசில் கைப்பம்புகளும் நீர்மூழ்கிப் பம்புகளும் பொருத்த இதே வகைக் கடன் போயிருக்கிறது. இதன் குறை வேகம். கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, திட்ட அறிக்கை தயாராகி, நிறுவனங்களின் தகுதி பார்த்து, டெண்டர் முடிவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

இந்தியப் பணம் என்றாலே இந்திய நிறுவனத்துக்கு வேலை என்றும் எண்ணிவிடக் கூடாது. இலங்கையில் 50,000 வீடுகள் கட்ட இந்தியா தந்தது மானியம். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாகப் பணம் போனது. வீட்டை அவர்களே கட்டிக்கொண்டார்கள். நம் ஒப்பந்ததாரர்களுக்கு அதில் அதிக இடமில்லை. அதுவே சரி என்று நினைக்கிறேன். பவானிசாகர் முகாமில் அகதிகளோடு பழகியவர்களுக்கு, தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்வது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

மூன்றாவது, ஐ.நா. அமைப்புகளின் கொள்முதல். கொங்குப் பகுதியின் நடுத்தர நிறுவனங்களுக்கு நான் முதலில் காட்டும் வாசல் இது. ஐ.நா. கொள்முதல் தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பதிவுக்குப் பணம் கேட்டு யாராவது வந்தால் அது மோசடி. யுனிசெப்பின் கொள்முதல் பிரிவு கோபன்ஹேகனில் இருக்கிறது. பெரும்பாலும் எஃப்.சி.ஏ. முறையில் வாங்குவதால், குறித்த இடத்தில் சரக்கை ஒப்படைத்ததும் கப்பல் செலவும் வழியிலுள்ள ஆபத்தும் அவர்களுடையவை. ஆவணம் சரியாக இருந்தால் 30 நாளில் பணம் வரும் என்பது வழக்கமான நிபந்தனை. முன்பணத்தை எதிர்பார்க்காதீர்கள். தரத்தில் விட்டுக்கொடுப்பும் கிடையாது. பூச்சிக்கொல்லி ஏற்றிய கொசுவலைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியைப் பெற்றுக் கரூர் இந்த வாசலைத் திறந்திருக்கிறது.

பம்பில் நமக்கு இன்னும் ஆழமான வேர் இருக்கிறது. 1970களில் யுனிசெப் துணையோடு உருவான இந்தியா மார்க் 2 கைப்பம்பு ஆப்பிரிக்கா வரை போனது. அதன் பழுதுகளை ஆராயும் களச் சோதனை 1983இல் கோவைப் பகுதியில்தான் தொடங்கியது. அதிலிருந்து பிறந்தது மார்க் 3. மார்க் 2இல் வாஷர் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் கிணற்றிலிருந்து தூக்க வேண்டும். மார்க் 3இல் குழாயின் விட்டம் பெரியது. பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து, ஊர்க்காரரே வாஷரை மாற்றிவிடலாம். மெக்கானிக்கும் உதிரிபாகக் கடையும் போரோடு போய்விட்ட ஊரில் அந்த வேறுபாடு ஒரு கிராமத்தின் குடிநீரையே தீர்மானிக்கும். விலைப்பட்டியலோடு உதிரிபாகப் பெட்டி, உள்ளூர் மொழியில் படக் கையேடு, கோவையிலுள்ள சிடார்க் சோதனைக்கூடத்தின் சான்று மூன்றையும் சேர்த்து அனுப்பும் நிறுவனத்துக்கே நான் வாக்களிப்பேன்.

சிறு நிறுவனங்களுக்கு நான்காவது வாசல், பெரிய இந்திய ஒப்பந்ததாரரிடம் துணை ஒப்பந்தம். லாபம் குறைவுதான், ஆனால் பில் ரூபாயில், வழக்கு வந்தாலும் இந்திய நீதிமன்றத்தில். உத்யம் என்ற அரசுத் தளத்தில் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு வந்த பிறகே உங்களுக்குத் தருவோம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், கையெழுத்திடும் முன் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசுங்கள்.

உக்ரைன் பற்றிக் கேட்பவர்களுக்கு: அங்கே அரசுக் கொள்முதல் புரோசோரோ என்ற மின்தளத்தில் வெளிப்படையாக நடக்கிறது. ஆனால் உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாட்டில் உக்ரைன் உறுப்பினர், இந்தியா வெறும் பார்வையாளர். ஐரோப்பிய ஒன்றிய நிதிக்குத் தனித் தகுதி விதிகளும் உண்டு. ஐரோப்பிய நிறுவனத்துக்கு வார்ப்படமும் மோட்டார் பாகமும் தருவதே அங்கே நமக்கு நடைமுறையில் சாத்தியம்.

மிச்சமிருப்பது உள்ளூர் வியாபாரி அல்லது துபாய் தரகர் வழி. வேகமானது, ஆவணம் குறைவு, ஏமாற்றமும் அதிகம். விலை சொல்லும் முன்பே அந்த நாட்டுக்கு இ.சி.ஜி.சி. (வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் மத்திய அரசு நிறுவனம்) காப்பீடு கிடைக்குமா என்று அதன் கோவை அல்லது திருப்பூர் கிளையில் கேளுங்கள். சர்வதேசப் பொருளாதாரத் தடைப்பட்டியலில் வாங்குபவர் பெயர் இல்லை என்பதை உங்கள் வங்கியிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். காப்பீடு இல்லை என்றால், முழுப் பணமும் கணக்கில் ஏறாமல் தூத்துக்குடிக்கு லாரியை அனுப்பாதீர்கள்.