மொரிஷியஸில் கோல்ஃப் விடுமுறை: பெல் மார், அனாஹிதா, பெல் ஓம்ப்ர் ஆகியவற்றில் எங்கே தங்குவது?

மொரிஷியஸ் தெற்கு வடக்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 45 கிலோமீட்டரும் மட்டுமே உள்ள தீவு. இந்தச் சிறிய பரப்புக்குள் 18 குழி கொண்ட கோல்ஃப் மைதானங்கள் சுமார் பத்து இருக்கின்றன. எந்த விடுதியின் விளம்பரத்தை எடுத்தாலும் அதே நீலக் காயலும் அதே தென்னை மரமும் அதே வெட்டிவிட்ட புல்லும்தான் கண்ணில் படும் என்பதால், படங்களை வைத்துத் தேர்வு செய்ய முயல்வது வீண் வேலை. உண்மையான வேறுபாடுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. மைதானம் ஆட்டக்காரரின் திறனிடம் எதைக் கேட்கிறது, காற்று எப்படி வீசுகிறது, கூட வரும் ஆடாதவர்கள் பகலெல்லாம் என்ன செய்வார்கள், அறை வாடகைக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பவையே அவை.

கிழக்குக் கரையில் உள்ள கான்ஸ்டன்ஸ் பெல் மார் பிளாஜ், இத்தீவின் விடுதி கோல்ஃபுக்கு முன்னோடிகளில் ஒன்று. தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் ஹியூ பயோக்கி வடிவமைத்த லெஜெண்ட் மைதானம் 1994-இல் திறக்கப்பட்டது. ராட்னி ரைட்டும் பீட்டர் அலிஸும் சேர்ந்து உருவாக்கிய லிங்க்ஸ் மைதானம் 2002-இல் வந்தது. லெஜெண்ட், பழைய வேட்டைக் காட்டின் நடுவே வெட்டி எடுக்கப்பட்டது. பந்து ஓடவேண்டிய புல்வழியான ஃபேர்வேயின் இரு பக்கமும் மரங்கள் நெருக்கமாக நிற்பதால், டிரைவர் என்னும் நீண்ட கட்டையை ஓங்கி வீசும் பழக்கமுள்ளவர்கள் பந்தை மரங்களுக்குள் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இதன் 17-ஆவது குழி ஒரு பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. ஆட்டம் தொடங்கும் மேடையான டீயிலிருந்து குழி இருக்கும் புல்தரையான கிரீன் வரை நடுவில் இருப்பது காயல் நீர் மட்டுமே. காற்று முகத்துக்கு நேரே வீசும் நாளில், வழக்கமாக எடுக்கும் அயர்ன் கட்டையைவிட இரண்டு எண் கூடுதல் வலுவுள்ளதை எடுப்பதற்கு மனத்துணிவு வேண்டும். பெரும்பாலோர் அதைச் செய்யத் தயங்கி, பந்தை மீன்களுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். லிங்க்ஸ் மைதானம் இதைவிட மன்னிக்கும் குணம் உடையது. நடுத்தர ஆட்டக்காரர் முதல் நாளில் ஆட வேண்டியது அதைத்தான்.

இந்த விடுதிக்கு ஆதரவாக இன்னொரு வலுவான காரணமும் உண்டு. பெல் மார் கடற்கரை மொரிஷியஸின் மிக நீண்ட வெண்மணற் கரைகளுள் ஒன்று. பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் சிறுவர்களும் இறங்கிக் குளிக்கலாம். குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஆடுகிறார், மற்றவர்கள் கடலையே நம்பி வருகிறார்கள் என்றால், இந்த ஒப்பீட்டை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அவர் விடியற்காலையில் ஆடப் போய், பிள்ளைகள் காலை உணவை முடிப்பதற்குள் திரும்பிவிட முடியும்.

அனாஹிதாவின் கதை வேறு. அதே கிழக்குக் கரையில் சற்றுத் தெற்கே, விமான நிலையத்துக்கு இன்னும் அருகில், எர்னி எல்ஸ் வடிவமைத்த மைதானம் 2008-இல் திறக்கப்பட்டது. நீளம் 7,000 கெஜத்தைத் தாண்டும். ஆனாலும் ஃபேர்வேக்கள் தாராளமான அகலம் கொண்டவை. எல்ஸின் மைதானங்களில் டீயில் தண்டனை குறைவாகவும் கிரீனைச் சுற்றித் தண்டனை அதிகமாகவும் இருக்கும் என்பார்கள். அனாஹிதா அதற்கு நல்ல சான்று. கடைசிக் குழியான பார் 5 கடலோரமாகச் செல்கிறது. 2016-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான மொரிஷியஸ் ஓப்பன் போட்டி இங்கு நடந்தபோது, வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மான் இறுதி நாளின் கடைசிக் குழிகளில் முன்னிலையை நழுவவிட்டு, தென்கொரியாவின் ஜியுங்ஹுன் வாங்கிடம் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றார். இத்தகைய போட்டி நடந்த மைதானத்தில் தூரம் அதிகமான பின் டீக்களிலிருந்து ஆடிப் பார்க்க எல்லாருக்கும் ஆசை வரும். ஹேண்டிகேப் (திறன் குறையக் குறைய உயரும் எண்) இருபதுக்கு மேல் உள்ளவர்கள் அந்த ஆசையை அடக்கி முன் டீக்களுக்கே போவது நல்லது.

அனாஹிதாவில் தங்குவோருக்கு இருக்கும் பெரிய ஈர்ப்பு, எதிரே காயலில் இருக்கும் இல் ஓ செர்ஃப் தீவு. பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்து 2003-இல் திறக்கப்பட்ட அங்குள்ள மைதானத்தைப் பற்றி ஆட்டக்காரர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு: அழகுக்காகவே அதைக் கொண்டாடுவோர் ஒரு கட்சி, ஆட்டம் மிகக் கடினம் என்று குறைபடுவோர் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. உலகில் இவ்வளவு அழகான இடத்தில் அமைந்த மைதானங்கள் மிகச் சிலவே என்பதை மறுக்க முடியாது. கோல்ஃப் கட்டைகள் அடங்கிய பையைப் படகில் ஏற்றி, சதுப்பு மரங்களைக் கடந்து முதல் டீக்குப் போய்ச் சேரும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடு கிடையாது. ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகு நிலைமை மாறுகிறது. நீரும் எரிமலைப் பாறையும் மணலும் ஒவ்வொரு குழியிலும் நெருக்கி நிற்க, பந்து இறங்குவதற்கு விட்டுவைத்திருக்கும் இடம் மிகக் குறுகியது. பையில் ஒரு டஜன் பந்து வைத்துக்கொண்டு போனவர்கள் கடை எங்கே என்று கேட்பதைக் காணலாம். ஒரு நாள் அனுபவமாக இதைக் கட்டாயம் ஆட வேண்டும். வாரம் முழுவதும் ஆடவேண்டிய மைதானமாக இதை நம்பி விடுதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அனாஹிதாவின் குறை கடற்கரை. நிலப்பகுதியின் கரையில் இயற்கையான மணற்பரப்பு குறைவு என்பதால் நல்ல குளியலுக்குப் படகேறி இல் ஓ செர்ஃபுக்குத்தான் செல்ல வேண்டும், அங்கோ விடுமுறை நாட்களில் தீவின் பாதிப் பேரும் வந்து இறங்கியது போன்ற கூட்டம் இருக்கும். மாறாக, சமையலறையுடன் கூடிய வில்லாக்கள் அனாஹிதாவில் கிடைக்கின்றன. சைவ உணவுக்காரர்கள், மூன்று தலைமுறையாகச் சேர்ந்து வரும் குடும்பங்கள், இரவு பத்து மணிக்குத் தயிர்சாதம் கேட்கும் தாத்தாக்கள் ஆகியோருக்கு இது சிறிய விஷயம் இல்லை.

தெற்குக் கரையின் பெல் ஓம்ப்ர், கோல்ஃபுக்காகவே போகிறவர்களின் இடம். பழைய கரும்புத் தோட்டம் ஒன்றின் மீது விரிந்துள்ள ஹெரிடேஜ் வளாகத்தில் லெ டெல்ஃபேர், அவாலி என்ற விடுதிகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றும், பீட்டர் மட்கோவிச் வடிவமைத்து 2004-இல் திறக்கப்பட்ட மைதானமும் இருக்கின்றன. அம்மாளிகையின் பெயராலேயே அம்மைதானம் இப்போது லெ ஷாத்தோ எனப்படுகிறது. ஒரு பக்கம் மலைகள், மறுபக்கம் கடல், நடுவில் கரும்பு என்ற நில அமைப்பை மட்கோவிச் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார். இந்தியாவின் அர்ஜுன் அத்வால் 2017 மொரிஷியஸ் ஓப்பனில் சமநிலையை முடிவுசெய்யும் பிளேஆஃப் வரை வந்து டிலன் ஃபிரிட்டெல்லியிடம் தோற்றது இந்த மைதானத்தில்தான்.

2023 டிசம்பரில் இங்கே இரண்டாவது 18 குழி மைதானமாக லா ரெசெர்வ் சேர்ந்தது. மட்கோவிச்சுடன் இதை வடிவமைத்தவர் 2010-இல் பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற லூயி ஊஸ்தைசன். திறந்த கையோடு அங்கே நடந்த மொரிஷியஸ் ஓப்பனை அவரே வென்றார். வரைந்தவருக்கே தெரிந்த இரகசியங்கள் இருந்திருக்கும் என்று கேலி பேசுவோர் உண்டு, ஆனால் அதற்கு முந்தைய வாரம் தென்னாப்பிரிக்காவிலும் அவர் வென்றிருந்தார் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மரமில்லாத உயர்ந்த சரிவில், கடற்காற்றுக்கு முழுவதுமாகத் திறந்து கிடக்கும் இந்த மைதானம், பந்தை உயரத் தூக்கி இறக்கும் வெப்பமண்டலப் பாணியைக் கைவிட்டுத் தரையோடு உருட்டி ஆடச் சொல்கிறது. இத்தீவில் இத்தகைய ஆட்டம் வேறெங்கும் கிடைக்காது. நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆடுவதற்கென்றே கிளம்பினால் என் பரிந்துரை பெல் ஓம்ப்ர். ஆடாதவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. உலகப் பாரம்பரியச் சின்னமான லெ மோர்ன் மலையும் சாமரெலின் வண்ண மண்ணும் சற்றே தொலைவில்தான் இருக்கின்றன. கடல் குளியலில் மட்டும் பெல் மாரை இது முந்தாது.

மூன்றுக்கும் பொதுவான பிரச்சினை காற்று. தென்கிழக்கு வாணிபக் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை வலுத்து வீசும். கிழக்குக் கரையும் தெற்குக் கரையும் அதை நேராக வாங்கிக்கொள்கின்றன. வெயில் இதமாக இருக்கும் அதே மாதங்களில்தான் இந்தக் காற்றும் வருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை புழுக்கமும் புயல் அபாயமும் உண்டு. ஆகவே ஆட்டத்துக்கு உகந்தவை அக்டோபரும் நவம்பரும். ஜூலையில்தான் விடுப்பு கிடைக்கும் என்பவர்கள் மழையும் காற்றும் குறைந்த மேற்குக் கரையின் தமரினா மைதானத்தையோ வடக்கில் மட்கோவிச்சே வடிவமைத்த மோன் ஷ்வாஸியையோ ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, விடுதி விருந்தினர்களுக்கு கிரீன் கட்டணத்தை, அதாவது மைதானத்தில் ஆடுவதற்கான கட்டணத்தை, தள்ளுபடி செய்வதோ குறைப்பதோ இத்தீவில் நெடுநாள் வழக்கம். அந்தச் சலுகை எந்த மைதானத்துக்கு, எத்தனை ஆட்டங்களுக்கு என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரே வளாகத்தில் இரண்டு மைதானங்கள் இருந்தால் புதியதற்குத் தனிக்கட்டணம் கேட்கப்படலாம். கிரீன் இலவசம் என்று சொல்லும் இடத்திலும் மைதானத்தைச் சுற்றி ஓட்டிச் செல்லும் சிறு வண்டியான பக்கியின் வாடகை பெரும்பாலும் தனி. இருவர் ஒரு பக்கியைப் பகிர்ந்துகொண்டாலும், ஒரு வாரத்தில் அது கணிசமான தொகையாகிவிடும். இல் ஓ செர்ஃபுக்கு ஆட்டம் தொடங்கும் டீ நேரத்தோடு படகு நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். கட்டைகளை மொரிஷியஸிலேயே வாடகைக்கு எடுப்பது விமானச் சுமைக் கட்டணத்தைவிடச் சில சமயம் மலிவாக முடியும். ஆனால் இடக்கைக்காரர்கள் தங்களுக்கான செட் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கையுறையை மட்டும் ஒன்றுக்கு மூன்றாக எடுத்துச் செல்லலாம். அந்த ஈரப்பதத்தில் ஒன்பதாவது குழிக்குள் முதல் கையுறை நனைந்துவிடும்.