கிருஷ்ணகிரியிலிருந்து அலை தேடிப் போகிறவர்களுக்கு: வெலிகமவா, அறுகம் குடாவா, மாலத்தீவா?

"ஆடியில நாலு நாள் லீவு கிடைக்குதுண்ணா, வெலிகம போகலாமா?" ஓசூரில் என்னோடு வேலை செய்யும் தம்பி போன வாரம் கேட்டார். அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ஆடியில் வேண்டாம் என்றேன்.

நான் அப்படிப் போய்ப் பட்டவன். "வருஷம் முழுக்க சீசன்தான் சார்" என்று பயண ஏஜென்ட் ஒருவர் சொன்னதை நம்பி, ஒரு ஜூலையில் வெலிகமவில் இறங்கினேன். காற்று கடலிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. அலை எழும்பும்போதே அதன் தலையைத் தட்டி நுரையாக்கியது. தண்ணீரெல்லாம் கலங்கல். மூன்று நாளில் ஒரு தடவைகூடப் பலகைமேல் ஒழுங்காக நிற்க முடியவில்லை.

இலங்கையின் தென்கரையில் இருக்கும் வெலிகம மோசமான இடம் இல்லை. அடியில் மணல், விழுந்தாலும் அடிபடாது. புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல குடா அந்தப் பக்கம் குறைவு. கொழும்பிலிருந்து நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் அதன் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அப்போது வடகிழக்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அலையின் முகத்தை எதிர்க்காற்று தாங்கிப் பிடிப்பதால், அது உடையாமல் வழவழப்பாக நிமிர்ந்து வரும். ஆக, அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கல் லீவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வெலிகம போகலாம்.

ஆடிக்கு? இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம் குடா. இதற்குக் காரணம் நம்ம ஊரிலேயே தெரியும். ஆடியில் குடகிலும் வயநாட்டிலும் மழையைக் கொட்டுவது தென்மேற்குக் காற்று. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் தண்ணீர் திறந்தால் ஒகேனக்கலில் காவிரி ஏறும், பரிசலை நிறுத்திவிடுவார்கள். அதே காற்றுதான் வெலிகமவைக் கலக்கிவிட்டு, இலங்கையின் மலைகளில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்து போய்க் கிழக்குக் கரையில் இறங்குகிறது. அங்கே அதற்குக் கச்சான் என்று பெயர். கிழக்குக் கரைக்கு அது நிலத்திலிருந்து வரும் காற்று. அதனால் மே முதல் செப்டம்பர் வரை அங்கே நல்ல காலம்.

அறுகம் குடா பொத்துவிலுக்குப் பக்கம். தமிழ் பேசும் ஊர் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. கற்றுக்கொடுத்தவர் காலை ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி காய்ந்த மணலை அள்ளி இடுப்பு உயரத்திலிருந்து விட்டார். மணல் கடல் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. "காத்து மாறுறத்துக்கு முந்தி இறங்குங்க தம்பி" என்றார். பத்தரைக்கெல்லாம் கடற்காற்று எழுந்து, தண்ணீர் முழுக்கச் சுருக்கம் விழுந்துவிட்டது. அங்கே காலை நேரத்தை விடவே கூடாது. முனையில் உடையும் பெரிய அலைக்கு அடியில் பாறையும் பவளமும் உண்டு. புதியவர்கள் உள்ளே தள்ளியிருக்கும் சின்ன அலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே சங்கடம் தூரம்: கொழும்பிலிருந்து ஏழெட்டு மணி நேரப் பயணம்.

மாலத்தீவில் மலையே இல்லை, அதனால் அங்கே கரையை வைத்துக் கணக்குப் போடவேண்டும். தென்மேற்குப் பருவத்தை அவர்கள் ஹுல்ஹங்கு என்பார்கள். காற்று மேற்கிலிருந்து வரும்போது, மாலே பக்கத்துப் பவளத்தீவு வளையத்தின் கிழக்கு விளிம்பில் அலை சுத்தமாக உடையும். துலுஸ்தூ தீவுக்கு அதனால்தான் அவ்வளவு பேர். தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஆனால் அடியில் ஆழமில்லாத பவளப்பாறை, தோலைக் கிழித்துவிடும். நிற்கப் பழகாதவர்கள் அங்கே காசைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அந்தமான், லட்சத்தீவு இரண்டும் அழகுதான். ஆனால் பருவமழையில் கப்பல் ரத்தானால் லீவு முழுக்கப் போய்விடும்.

அப்புறம், முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே விநாடிக் கணக்கு இருக்கும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. ஒன்றரை மீட்டர் அலை 8 விநாடியில் வந்தால் அருகில் வீசும் காற்று கிளப்பியது. அதே உயரம் 15 விநாடியில் வந்தால், தெற்கே வெகு தொலைவில் அடித்த புயல் அனுப்பியது. ஏறக்குறைய இரண்டு மடங்கு வலு அதற்கு. அந்த அலைக்கூட்டம் ஒரு நாளில் 1,000 கி.மீ. கடந்துவிடும். வானம் தெளிந்து, காற்றே இல்லாத நாளிலும் அது வந்து ஆளை இழுக்கும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படி ஒரு நாளில்தான். கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கன்னியாகுமரிக் கரையில் கால் நனைக்கப் போனாலும், முந்தின இரவு அதை ஒருமுறை பாருங்கள்.

தம்பி இப்போது அறுகம் குடாவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். பாறையில் கால் கிழியாமலிருக்க ரப்பர் செருப்பு ஒன்றும் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.